கண் மருந்து கொடுக்கும் முறை: மலையகத் தாதியருக்கான முழுமையான வழிகாட்டி

வாட்டில் புதிதாகச் சேர்ந்த தாதியிடம் முதல் நாளே ஒப்படைக்கப்படும் வேலை, கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது. ஊசி போடும்போதும் சேலைன் ஏற்றும்போதும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும் மூத்தவர்கள், சொட்டு மருந்துக்கு அப்படி நிற்பதில்லை. சின்னப் போத்தல்தானே, அதில் என்ன வந்துவிடப்போகிறது என்ற எண்ணம்தான் காரணம்.

கண்ணில் விடும் மருந்து கண்ணோடு நின்றுவிடுவதில்லை. அது கண்ணீர்க் குழாயில் மூக்குக்கு இறங்கி, மூக்கின் உட்சவ்வு வழியாக இரத்தத்துக்குள் போகிறது. விழுங்கும் மருந்து முதலில் கல்லீரலைக் கடந்து, அங்கே ஓரளவு சிதைந்த பின்பே உடம்பில் பரவும். சொட்டு மருந்துக்கு அந்தத் தடையும் கிடையாது. ஆகவே நாளத்தில் ஏற்றும் மருந்துக்குக் காட்டும் அதே எச்சரிக்கையை இதற்கும் காட்ட வேண்டும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் பின்பற்றுங்கள். ஒவ்வொரு படிக்கும் காரணத்தையும் எழுதியிருக்கிறேன், ஏனெனில் காரணம் தெரியாத படி அவசரத்தில் முதலில் கைவிடப்படும்.

1. போத்தலைத் தொடுமுன் கேளுங்கள்

முதலில் நோயாளியின் கிளினிக் கொப்பியையும், வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துப் பையையும் பாருங்கள். பிறகு கேள்விகள். மூச்சு இழுப்பு, இதயத்துடிப்புக் கோளாறு, சீனி வருத்தம், பிரஷர், சிறுநீரகக் கோளாறு, சல்பா மருந்துகளுக்கு ஒவ்வாமை ஆகிய ஆறையும் கட்டாயம் கேட்க வேண்டும். பெண்களிடம் கர்ப்பமா, பால் கொடுக்கிறாரா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். "ஆஸ்துமா இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை மிஸ்" என்று பதில் வரும். "பனிக்காலத்தில் நெஞ்சு இழுக்குமா அம்மா? பம்ப் அடித்திருக்கிறீர்களா? கூடையோடு மேடு ஏறும்போது முட்டு வருமா?" என்று கேட்டுப்பாருங்கள். அதே அம்மா, தோட்ட டிஸ்பென்சரியில் எத்தனை தடவை புகை பிடிக்க வைத்தார்கள் என்று சொல்லத் தொடங்குவார். நெபுலைசரைத்தான் அவர் புகை என்கிறார். அந்த ஒரு பதில் மருந்தையே மாற்றிவிடும்.

கண்புரைச் சத்திரசிகிச்சைக்கு வரும் ஆண்களிடம், சிறுநீர் தடைப்படுவதற்கு மாத்திரை எடுக்கிறாரா என்று கேளுங்கள். டம்சுலோசின் எடுப்பவர்களுக்குச் சத்திரசிகிச்சையின்போது கதிராளி (கண்மணியைச் சுற்றியுள்ள நிறப் படலம்) தளர்ந்து அலையும், கண்மணியும் சுருங்கும். மாத்திரையை எப்போதோ நிறுத்தியவருக்கும் இது நேரலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். கண்ணுக்கும் சிறுநீருக்கும் என்ன தொடர்பு என்று நினைத்து நோயாளி இதைத் தானாகச் சொல்லமாட்டார்.

கடைசியாக, வீட்டில் கண்ணுக்குள் என்ன விட்டார்கள் என்று கேளுங்கள். தாய்ப்பால், இலைச்சாறு, தேன், பக்கத்து லயத்தில் யாருக்கோ கொடுத்த சொட்டு மருந்து என எதுவாகவும் இருக்கலாம். திட்டிவிடுவார்களோ என்ற பயம் இருந்தால் உண்மை வராது. முகத்தைச் சுளிக்காமல் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதிவையுங்கள்.

2. சீட்டையும் போத்தலையும் ஒப்பிடுங்கள்

எந்தக் கண் என்பதை முதலில் பாருங்கள். "ஓ.டி." என்ற சுருக்கம் கண் மருத்துவத்தில் வலது கண்ணைக் குறிக்கும். நம் வாட்டு மருந்துச் சீட்டில் அதே சுருக்கம் நாளுக்கு ஒரு தடவை என்று பொருள்படும். இரண்டில் எது என்று ஊகிக்காதீர்கள். எழுதியவரிடம் கேட்டு, "வலது கண்", "இடது கண்", "இரண்டு கண்களும்" என்று முழுச் சொல்லாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்து செறிவு. டிமோலோல் 0.25% என்றும் 0.5% என்றும் வருகிறது. பெனைலெப்ரின் 2.5% என்றும் 10% என்றும் வருகிறது. பெயர் சரியாக இருப்பதால் மருந்தும் சரி என்றாகிவிடாது.

மூடியின் நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணாதீர்கள். நிறத்துக்கு ஒரு சர்வதேச வழக்கம் உண்டு என்றாலும் எல்லாத் தயாரிப்பாளரும் அதைப் பின்பற்றுவதில்லை. காதுக்கான சொட்டு மருந்தும் இதே அளவுப் போத்தலில்தான் வருகிறது. லேபிளில் கண்ணுக்கானது என்று இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் வாசியுங்கள். கண் மருந்தைக் காதில் விட்டால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். காது மருந்தைக் கண்ணில் விட்டால் கருவிழி (கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம்) புண்ணாகலாம்.

திறந்த தேதியைப் போத்தலில் எழுதுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்து 28 நாட்களில் வீச வேண்டும். காலாவதித் தேதி இன்னும் வரவில்லையே என்று வைத்திருக்கக் கூடாது, அந்தத் தேதி திறக்காத போத்தலுக்கானது. ஒரே போத்தலை இரண்டு நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதும் கூடாது.

3. கண்ணையும் கையையும் ஆயத்தப்படுத்துங்கள்

கை கழுவுங்கள். நோயாளியே மருந்து விடுபவரானால் அவர் கையையும் கழுவச் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கும் கையில் தேயிலைச் சாயமும் உரத்தூளும் நகக்கண் வரை ஏறியிருக்கும். சவர்க்காரம் போட்டு நகத்தைத் தேய்த்துக் கழுவும் வரை பொறுத்திருங்கள்.

கண்ணில் பீளை இருந்தால், கிருமியற்ற சேலைனில் நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து காதோரம் நோக்கி ஒரே இழுப்பில் துடைத்து, அந்தப் பஞ்சை வீசுங்கள். அடுத்த துடைப்புக்குப் புதுப் பஞ்சு. திசையை மாற்றினால் அழுக்கு கண்ணீர்த் துவாரத்துக்குள் போகும். ஒரு கண்ணில் மட்டும் தொற்று இருந்தால் நல்ல கண்ணை முதலில் முடியுங்கள்.

துடைக்காமல் பீளையின் மேல் விட்ட மருந்து கண்ணைச் சேர்வதில்லை. காலை நேர அவசரத்தில் அதிகம் தவறவிடப்படும் படி இது.

4. சொட்டு விடுங்கள்

நோயாளியை உட்கார வைத்துத் தலையைப் பின்னால் சாய்க்கச் சொல்லுங்கள், அல்லது படுக்க வையுங்கள். மேலே பார்க்கச் சொல்லுங்கள். கீழிமைக்குச் சற்றுக் கீழே, கன்ன எலும்பின் மேல் விரலை வைத்து மெல்லக் கீழே இழுத்தால் இமைக்கும் விழிக்கும் நடுவில் ஒரு சிறு பை திறக்கும். மருந்து அந்தப் பைக்குள் விழ வேண்டும், கருவிழியின் மேல் விழக் கூடாது. கருவிழியில் விழுந்தால் எரியும், நோயாளி இறுக்கிக் கண்ணை மூடுவார், மருந்து கன்னத்தில் வழிந்துபோகும்.

போத்தலைப் பிடித்த கையை நோயாளியின் நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள். அவர் திடுக்கிட்டு அசைந்தால் உங்கள் கையும் சேர்ந்து அசையும், நுனி கண்ணில் குத்தாது. நுனி இமையிலோ மயிரிலோ பட்டுவிட்டால் அந்தப் போத்தல் அசுத்தமானது.

ஒரு சொட்டு போதும். கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலீட்டர். இமைப் பை ஏறக்குறைய 30 மைக்ரோலீட்டர்தான் கொள்ளும். போத்தலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலீட்டர் இருக்கும். இரண்டாவது சொட்டு கன்னத்துக்கும் மூக்குக்கும்தான் போகிறது. குணம் கூடுவதில்லை, பக்கவிளைவுதான் கூடுகிறது.

சொட்டு விழுந்ததும் கண்ணை மென்மையாக மூடச் சொல்லி, மூக்கோரக் கண்முனையைச் சுட்டுவிரலால் 2 முதல் 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கண்ணீர்க் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது. அதை அடைத்தால் மருந்து மூக்குக்கு இறங்குவது வெகுவாகக் குறையும், கண்ணிலும் கூடுதல் நேரம் தங்கும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். டிமோலோல், அட்ரோபின், பிரிமோனிடின் மூன்றுக்கும் இது விருப்பத்துக்கு விட்ட படி அல்ல.

விரலை மூக்கெலும்பின் பக்கவாட்டில் வைத்து வெறுமனே தொட்டுக்கொண்டிருப்பது வழக்கமான பிழை. கண்முனையில் எலும்பின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படும் இடத்தில், அந்த விளிம்பை நோக்கி அழுத்த வேண்டும்.

5. ஒன்றுக்கு மேற்பட்ட மருந்து இருந்தால் வரிசை

ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 நிமிடம் விடுங்கள். உடனே அடுத்ததை விட்டால் முதல் மருந்து கழுவப்பட்டுவிடும்.

முதலில் தெளிந்த நீர்க்கரைசல். அடுத்து குலுக்கி விட வேண்டிய கலங்கல் மருந்து. கடைசியில் களிம்பு. களிம்பு முதலில் போனால் அதன் எண்ணெய்ப் படலம் பின்னால் வரும் சொட்டைக் கண்ணைத் தொடவிடாது. ப்ரெட்னிசொலோன் அசிட்டேட், நட்டமைசின் போன்ற கலங்கல் மருந்துகளைக் குலுக்காமல் விட்டால் மேலே உள்ள தண்ணீர்தான் விழும், மருந்து அடியில் தங்கிவிடும். "விட்டும் குணமில்லை" என்ற முறைப்பாட்டைக் கேட்டதும் போத்தலை வாங்கி அடிப்பகுதியைப் பாருங்கள், வெள்ளை மண்டி உறைந்திருக்கும்.

களிம்பை இமைப் பையில் உள்முனையிலிருந்து வெளிமுனைக்கு, ஓர் அரிசியின் நீள அளவில் இடுங்கள். பார்வை சிறிது நேரம் மங்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால், கண் கெட்டுவிட்டது என்று பயந்து மறுநாள் களிம்பை ஒளித்துவைப்பார்கள்.

6. குளுக்கோமா மருந்துகள்: ஒவ்வொன்றுக்கும் என்ன பார்க்க வேண்டும்

மெல்ல வளரும் வழக்கமான குளுக்கோமாவுக்கு வலி கிடையாது, ஆரம்பத்தில் பார்வைக் குறைவும் தெரியாது. மருந்து விட்டாலும் எதுவும் தெளிவதில்லை. ஆகவே நோயாளி மருந்தை நிறுத்த ஆயிரம் காரணம் இருக்கும். கண்ணின் உள்ளழுத்தம் பார்வை நரம்பை அரித்துக்கொண்டிருக்கிறது, போன பார்வை திரும்பாது, இருக்கும் பார்வையைக் காக்கவே இந்த மருந்து என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

டிமோலோல், கண்ணுக்குள் நீர் சுரப்பதைக் குறைக்கிறது. இதயத்துக்குக் கொடுக்கும் பீட்டா தடுப்பு மாத்திரைகளின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆஸ்துமா, நாட்பட்ட மூச்சுத் தடை, மெதுவான இதயத்துடிப்பு, இதய மின்தடை, கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கொடுக்கக் கூடாது. விடுமுன் நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்திவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள். சீனி வருத்தத்துக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, இரத்தத்தில் சீனி இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இது மறைத்துவிடும். வியர்வை மட்டும் மறைவதில்லை. "நடுக்கம் இல்லாமல் வியர்த்துக் கொட்டினாலும் சீனி குறைந்திருக்கலாம்" என்று குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள்.

லட்டானோப்ரோஸ்ட், நீர் வெளியேறும் வழியைத் திறக்கிறது. இரவில் ஒரே ஒரு தடவை. நல்ல மருந்துதானே என்று இரண்டு தடவை விட்டால் பலன் குறையும். கதிராளி கறுக்கலாம், இமைமயிர் நீண்டு தடிக்கும், கண் சிவக்கும். திறக்காத போத்தலுக்குக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும், 2 முதல் 8 பாகை. திறந்த பின் 25 பாகைக்குள் இருந்தால் போதும். நுவரெலியா, தலவாக்கலைப் பக்கத்தில் அறையின் சாதாரண குளிரே இதற்குப் போதுமானது. ஆனால் லயன் அறையில் பொருள் வைக்கும் தட்டு பெரும்பாலும் அடுப்புக்கு மேலேதான் இருக்கும். "அடுப்படியில் வைக்காதீர்கள், படுக்கும் பக்கத்தில் வையுங்கள்" என்று இடத்தைக் குறிப்பிட்டே சொல்லுங்கள்.

டோர்சோலமைட் விட்டதும் எரியும், வாய் கசக்கும். கசப்பு வந்தால் மருந்து மூக்குக்கு இறங்கியிருக்கிறது, விரல் அழுத்தம் போதவில்லை என்று பொருள். சல்பா ஒவ்வாமை உள்ளவர்களுக்குக் கொடுக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள்.

பிரிமோனிடின் வாயை உலரவைக்கும், தூக்கக் கலக்கம் தரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இதை விடவே கூடாது, மூச்சே அடங்கிவிடலாம். பாட்டியின் மருந்துப் போத்தல் பேரக்குழந்தையின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பாட்டியிடம் மட்டும் சொல்லாமல், குழந்தையின் தாயிடமும் சொல்லுங்கள்.

பைலோகார்பின் கண்மணியைச் சுருக்கும். புருவம் வலிக்கும், மங்கிய வெளிச்சத்தில் பார்வை குறையும். பொழுது சாய்ந்த பின் லயத்துக்குப் படி இறங்கிப் போகிறவருக்கு இது பெரிய விஷயம். கையில் டோர்ச் இருக்கட்டும், கூட ஒருவர் வரட்டும்.

7. கண் அழுத்தம் திடீரென ஏறி வந்தவர்

கடுமையான தலைவலி, வாந்தி, ஒரு கண் சிவப்பு, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். வாந்தியைப் பார்த்துக் கேஸ்ட்ரிக் என்றும், தலைவலியைப் பார்த்து பிரஷர் என்றும் இவர்களை வேறு வரிசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். தலைவலியோடு வாந்தி எடுப்பவரின் இரு கண்களையும் டோர்ச் அடித்துப் பாருங்கள். ஒரு கண்மணி பாதி விரிந்தபடி வெளிச்சத்துக்கு அசையாமல், கருவிழி புகைபடிந்தது போல இருந்தால் உடனே வைத்தியரை அழையுங்கள். மணிக்கணக்கில் பார்வை போய்க்கொண்டிருக்கிறது.

அசெட்டசோலமைட் கொடுக்கச் சொன்னால், சல்பா ஒவ்வாமையையும் சிறுநீரகம், கல்லீரல் நிலையையும் மறுபடி பாருங்கள். வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை தங்காது, நாளவழி கொடுக்கலாமா என்று கேளுங்கள். விரல் நுனியிலும் உதட்டிலும் ஊசி குத்துவது போல மரக்கும், அடிக்கடி சிறுநீர் போகும், பொட்டாசியம் குறையலாம்.

மானிட்டோலில்தான் மலையகத்துக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 20% கரைசல் குளிரில் படிகமாகும். ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழும் நாட்களில், மருந்து அலுமாரியிலிருந்து எடுத்த போத்தலின் அடியில் சீனிக் கற்கண்டு போல வெள்ளைப் படிகம் தெரியும். சில நேரம் கழுத்தோரத்தில் ஊசி ஊசியாக ஒட்டியிருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்காமல் தொங்கவிட்டால் படிகம் நாளத்துக்குள் போகும். படிகம் இருந்தால் தயாரிப்பாளரின் தாளில் சொன்னபடி வெந்நீரில் வைத்து, இடையிடையே குலுக்கி, முழுவதும் கரைந்த பின் உடல் வெப்பத்துக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். முழுவதும் கரையாவிட்டால் அந்தப் போத்தலை ஒதுக்குங்கள். வடிகட்டி உள்ள செட்டைப் பயன்படுத்துங்கள். அவசர வேளையில் இதற்கு நேரம் போகும். ஆகவே குளிர்காலத்தில் ஒவ்வொரு கடமைமாற்றத்தின்போதும் மானிட்டோல் போத்தலைப் பார்ப்பதை வாட்டு வழக்கமாக்குங்கள்.

கணக்கையும் சரிபாருங்கள். 20% என்றால் 100 மில்லிலீட்டரில் 20 கிராம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 1 கிராம் என்று எழுதியிருந்தால் 60 கிராம், அதாவது 300 மில்லிலீட்டர். வழக்கமாக 30 முதல் 60 நிமிடத்துக்குள் ஏற்றுவார்கள். நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் சிறுநீர் வராதவருக்கும் கூடாது. ஏற்றத் தொடங்கு முன்பே சிறுநீர்ப் பாத்திரத்தைக் கட்டிலருகே வையுங்கள், அளவை எழுதுங்கள். புரஸ்டேட் வீக்கம் உள்ள முதியவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம், வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

8. கண்மணியை விரிக்கும் மருந்துகள்

கிளினிக்கில் ட்ரொபிகமைட் விட்டால் 15 முதல் 30 நிமிடத்தில் கண்மணி விரியும், குறைந்தது 4 முதல் 6 மணிநேரம் அப்படியே இருக்கும். கிட்டப்பார்வை மங்கும், வெயில் கூசும். கிளினிக் முடிந்து பஸ் ஏறி, இறங்கும் இடத்திலிருந்து தோட்டத்துக்கு நடக்கும் வழுக்குப் பாதை அவர்களுக்குக் காத்திருக்கிறது. துணையோடு வரச் சொல்லி முந்திய திகதியிலேயே கொப்பியில் எழுதிவிடுங்கள். முச்சக்கரவண்டி ஓட்டுபவர் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

விடுமுன் கண்ணின் முன்னறை (கருவிழிக்கும் கதிராளிக்கும் இடைப்பட்ட இடம்) ஒடுங்கியிருக்கிறதா என்று வைத்தியர் பார்த்துவிட்டாரா எனக் கேளுங்கள். ஒடுங்கிய கண்ணில் விட்டால் 7ஆம் பகுதியில் சொன்ன நிலை கிளினிக் வாசலிலேயே வந்துவிடும். பெனைலெப்ரின் 10% இரத்த அழுத்தத்தை ஏற்றும். முதியவர்களுக்கும் இதயநோயாளருக்கும் 2.5% தான் பாதுகாப்பு.

அட்ரோபின் 1% சொட்டு ஒன்றில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் மருந்து இருக்கிறது. நாம் ஊசியில் எடுக்கும் 0.6 மில்லிகிராம் அம்பியூலுக்கு அது சமீபமான அளவு. சிறு குழந்தையின் இரு கண்களிலும் தாராளமாக விட்டால் முகம் சிவக்கும், உடம்பு கொதிக்கும், வாய் உலரும், குழந்தை பிதற்றும். காய்ச்சல் என்று பரசிட்டமோல் கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாமல், மருந்தை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லுங்கள். விட்ட பின் குழந்தையின் கையையும் கன்னத்தையும் துடைப்பது மறக்கக் கூடாத படி, விரல் நேரே வாய்க்குப் போகும்.

9. தொற்று, புண், ஸ்டீரொய்ட்

கவாத்து வெட்டும்போதோ கொழுந்து பறிக்கும்போதோ வாது கண்ணில் அடித்திருந்தால் அதைச் சாதாரண கண் சிவப்பாக எண்ணாதீர்கள். தாவரப் பொருளால் வரும் கீறலில் பூஞ்சைத் தொற்று வரும் வாய்ப்பு அதிகம். கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அன்றே கண் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தக் கண்ணில் ஸ்டீரொய்ட் விட்டால் சிவப்பு தணியும், நோயாளிக்குச் சுகமாகவும் இருக்கும். உள்ளே பூஞ்சை தடையின்றி வளரும். ஹெர்பீஸ் வைரஸ் புண்ணும் அப்படித்தான் பரவும். டெக்சாமெதசோன் தனியாகவும் நுண்ணுயிர்க்கொல்லியோடு கலந்தும் வருவதால், பார்மசியில் வாங்கிய போத்தலின் சிறு எழுத்துகளை நீங்களே வாசியுங்கள். வாரக்கணக்கில் விட்டால் கண் அழுத்தமும் ஏறும், கண்புரையும் வரும். அதேநேரம் சத்திரசிகிச்சைக்குப் பின் வைத்தியர் எழுதிய ஸ்டீரொய்டை நோயாளி தானாக நிறுத்தவும் கூடாது, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

பூஞ்சைப் புண்ணுக்கு நட்டமைசின் 5%, ஆரம்பத்தில் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு ஒரு தடவை, இரவிலும் எழுப்பி. இரவுக் கடமையில் இருப்பவர், தூங்குகிறாரே என்று இரக்கப்பட்டு இரண்டு வேளையைத் தவறவிட்டால் பகலில் ஈட்டியது போய்விடும். ஹெர்பீஸுக்கு அசைக்ளோவிர் 3% களிம்பு நாளுக்கு ஐந்து தடவை. குளோரம்பெனிகோல் சொட்டு மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

கண்ணை மரக்கவைக்கும் சொட்டு மருந்தை எக்காரணத்துக்காகவும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பாதீர்கள். வலி போகிறது என்று தொடர்ந்து விட்டால் கருவிழி கரையும்.

10. சுண்ணாம்பு பட்ட கண்: மருந்துக்கு முன் தண்ணீர்

வெற்றிலைச் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை பிதுக்கி, அது கண்ணில் தெறிப்பது நம் பக்கத்தில் நடப்பதுதான். காரப் பொருள் கண்ணுக்குள் தோண்டிக்கொண்டே போகும். பதிவு, கொப்பி, பார்வைச் சோதனை எல்லாம் பிறகு. மரக்கவைக்கும் சொட்டு ஒன்று விட்டு, சேலைன் குழாயைத் திறந்து குறைந்தது 30 நிமிடம் கழுவுங்கள். மேலிமையைப் புரட்டி, ஒட்டியிருக்கும் சுண்ணாம்புத் துகளை நனைத்த பஞ்சுக்குச்சியால் எடுத்துவிடுங்கள். துகள் உள்ளே இருக்கும் வரை கழுவியதில் பயனில்லை. கழுவி முடித்துச் சில நிமிடம் பொறுத்து, கார அமில அளவைக் காட்டும் pH தாளால் சோதியுங்கள், அளவு 7க்கு அருகில் வரும் வரை கழுவுவதைத் தொடர வேண்டும்.

தோட்டத்திலிருந்து தொலைபேசி வந்தால், "இப்போதே குழாய்த் தண்ணீரில் கழுவத் தொடங்குங்கள், பிறகு அம்புலன்சுக்கு 1990 ஐ அழையுங்கள்" என்று அந்த வரிசையில் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் தேடி வண்டி வரும் வரை காத்திருந்தால் கண் போய்விடும்.

11. வேறு நோய்க்கான மருந்து கண்ணைத் தாக்கும்போது

காசநோய்க்கு ஈதம்பியூட்டோல் எடுப்பவரின் பார்வை நரம்பு பாதிக்கப்படலாம். தொடங்குமுன் பார்வையையும் சிவப்பு, பச்சை பிரித்தறிவதையும் சோதித்து எழுதுங்கள். மருந்து வாங்க வரும் ஒவ்வொரு தடவையும் "பழைய மாதிரி நிறம் தெரிகிறதா?" என்று கேளுங்கள். மாற்றம் சொன்னால் அன்றே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். மூட்டு நோய்க்கு ஹைட்ரொக்சிகுளோரொகுவின் எடுப்பவருக்கு நாளளவு கிலோவுக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, விழித்திரைச் சோதனையும் வேண்டும். மெலிந்த உடம்புக்காரர்களுக்கு ஒரே அளவு மாத்திரையே அதிகமாகிவிடும் என்பதால் எடையைப் பாருங்கள்.

12. வீட்டுக்கு அனுப்பும்போது

லேபிளில் இருப்பதைப் பல நோயாளிகளால் வாசிக்க முடியாது. இரண்டு போத்தல் கொடுத்தால் ஒன்றின் கழுத்தில் நூல் கட்டுங்கள். "நூல் கட்டியது காலையும் இரவும், நூல் இல்லாதது இரவில் மட்டும்." கொழுந்துக்குப் போகிறவருக்கு "காலை 8 மணி" என்பது மலையில் நிற்கும் நேரம். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் இடத்துக்கு) புறப்படுமுன், மலையிலிருந்து வந்து கை கழுவிய பின், படுக்கும்போது என்று அவருடைய நாளோடு பொருத்திச் சொல்லுங்கள்.

பிறகு போத்தலை அவர் கையில் கொடுத்து உங்கள் முன்னால் விடச் சொல்லுங்கள். "விளங்கியதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கை நடுங்குகிறவர் என்றால் மகளையோ மருமகளையோ கூப்பிட்டுக் காட்டிக்கொடுங்கள். சத்திரசிகிச்சை முடித்தவருக்கு, வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ கண் சிவப்பு ஏறினாலோ கிளினிக் நாள் வரை பொறுக்காமல் அன்றே வர வேண்டும் என்று சொல்லுங்கள்.

மருந்து எத்தனை நாளுக்கு வரும் என்பதையும் கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு மில்லிலீட்டரில் சுமார் 20 முதல் 30 சொட்டு இருக்கும். 5 மில்லிலீட்டர் டிமோலோல் போத்தலில் 100 முதல் 150 சொட்டு. இரு கண்களுக்கும் நாளுக்கு இரண்டு தடவை விட்டால் 25 நாளிலேயே தீர்ந்துவிடலாம், இரண்டிரண்டாகச் சிந்தினால் இரண்டு வாரம்கூட வராமல் போகலாம். அடுத்த கிளினிக் ஒரு மாதம் கழித்து என்றால் நடுவில் மருந்தில்லாத நாட்கள் வரும். அந்த நாட்களில் கண் அழுத்தம் ஏறும், நோயாளிக்கு எதுவும் தெரியாது. ஆகவே கிளினிக் திகதியையும் போத்தல் தீரும் நாளையும் பக்கத்துப் பக்கத்தில் கொப்பியில் எழுதி, குறைவாக இருந்தால் அவர் வெளியேறுமுன் வைத்தியரிடம் சொல்லி இன்னொரு போத்தலை எழுதி வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.